விலாங்கு கரையேறிய காலை

முதலில் மணம்தான் வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையைக் கழுவிவிட்டதும் வருமே, அந்த மணம். மெற்றில்டா பாலத்தடியில் நின்று மூக்கைச் சுருக்கினாள். புலம்பெயர்ந்து வந்த மிச்சம் என்ற ஊரில், வாண்டில் என்ற ஆற்றின் கரையோரமாக இரண்டு வருடங்களாகக் காலையில் நடக்கிறாள். சேறு மணக்கும், மழைக்குப் பிறகு காட்டுப்பூண்டு மணக்கும். இப்படி ஒருநாளும் மணந்ததில்லை.

சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னபோது வேண்டாவெறுப்பாகத் தொடங்கியதுதான். ஒரு மார்கழிக் காலையில் கிளையிலிருந்து நீலமாக ஏதோ தண்ணீருக்குள் விழுந்து, மீனோடு எழும்பியதைக் கண்டாள். அன்றிலிருந்து நடக்காவிட்டால் அவளுக்கு நாள் விடியாது. மீன்கொத்தி இந்தமுறை எந்த மண்பொந்தில் குஞ்சு பொரித்தது, நாமக்கோழி எந்தச் சிப்ஸ் பையைச் செருகிக் கூடு கட்டியது, எல்லாம் தெரியும். வீட்டில் சொன்னால் கணவன் கொட்வின், “உமக்கு வேற வேலையில்லை” என்று சிரிப்பான்.

ஆற்றின் நடுவில் மீன்கள் வாயைப் பிளந்தபடி வட்டமடித்தன. சில வெள்ளை வயிறு தெரியப் புரண்டு வேர்களில் மாட்டிக் கிடந்தன. ஒரு சாம்பல் நாரை, ஓரடி எடுத்து வைக்கத் தேவையில்லாமல், நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. மெற்றில்டா கைகளைத் தட்டினாள். அது அவளைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விழுங்கியது.

காலடியில் சேறு அசைந்தது. கை நீளத்தில் ஒரு விலாங்கு கரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரில் வாழ்கிற ஒன்று தண்ணீரிலிருந்து தப்பி ஓடுவதை அவள் கண்டதில்லை. புல்லில் ஒரு முழம் வந்தது. பிறகு அசையவில்லை.

பாலத்துப் பலகையில் இருந்த அவசர இலக்கத்துக்கு அடித்துச் சொன்னாள். பிறகு, தண்ணீரில் பால் கலந்ததுபோல் ஓடிவந்த வெள்ளைத் தடத்தைப் பின்பற்றி ஆற்றின் மேற்பக்கமாக நடந்தாள். அது கடைவரிசைக்குப் பின்னால், ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாயில் போய் முடிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது பச்சைக் கதவு கொட்வின் வேலைச் சாமான் வைக்கும் ஸ்ரோர். அலுவலகங்களின் நிலம் கழுவும் வேலையை எடுத்து நடத்துகிறான். பழைய கழுவும் மருந்துக் கலன்களின் நெடியில் உள்ளே போகவே தலை இடிக்கிறது, அதுகளை எறியுங்கள் என்று மூன்று கிழமையாக நச்சரித்தவள் அவள்தான். நேற்றுப் பின்னேரம் சிவந்த கைகளோடு வந்து, எல்லாம் முடிந்தது என்றான். அவள் சந்தோசமாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

போன் எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, நேற்று அந்தக் கலன்களுக்குள்ள இருந்ததை என்ன செய்தனீங்கள்?”

“பின்பக்க வடிகானுக்குள்ள ஊத்தினன். ஏன்?”

“அது ஆத்துக்கு வருது. மீனெல்லாம் செத்துக் கிடக்கு.”

அவன் வாகனத்தை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

“ரொயிலற் கழிவுத் தண்ணியோட போகுமெண்டெல்லோ நினைச்சன்.” குரல் சிறுத்திருந்தது. “மெற்றி, ஆருக்கும் ஒண்டும் சொல்லாதையும். அடுத்த மாதம் என்ர பிரஜாவுரிமை முடிவு வருது. கேஸ் எண்டு வந்தால் எல்லாம் போச்சு.”

மெற்றில்டா பாலத்தடிக்குத் திரும்பியதும், ஆற்றுக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். யாராவது எதையாவது ஊற்றியதைக் கண்டாயா என்று கேட்டாள். இல்லை என்றாள் மெற்றில்டா. அது பொய்யும் இல்லை. அந்தப் பெண் நீல விரிப்பில் செத்த மீன்களை நீளவாரியாக அடுக்கி எழுதத் தொடங்கினாள். மெற்றில்டா எடுத்துக் கொடுத்தாள். விரல் நீளக் குஞ்சுகள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தன. ஒன்பதரைக்குள் நூற்றுநாற்பது. பின்னேரம் கடைகளின் ஒவ்வொரு வடிகானுக்குள்ளும் சாயம் விட்டுப் பார்ப்போம், எதன் சாயம் அந்தக் குழாயால் வருகிறதோ அங்கேதான் ஊற்றியிருக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண்.

மீன்கொத்திக் குஞ்சுகள் பொந்துக்குள் இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன ஆகும் என்று மெற்றில்டா கேட்டாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். தாய் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பொறுத்தது என்றாள். பிறகு மறுபடி குனிந்து எழுதினாள்.

கொட்வினின் வேலை வான் வந்து நின்றது. பாலத்தடிக்கு வேகமாக வந்தான்.

“என்ன சொன்னனீர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுவியள் எண்டு நிக்கிறன்.”

“விசரோ உமக்கு? பதினாறு வருசம், மெற்றி. பதினாறு வருசமாக் காத்திருக்கிறன்.”

“நான்தானே எறியச் சொன்னன். அதையும் சேத்துச் சொல்லுங்கோ. பின்னேரம் சாயம் விடுறாங்களாம். அதுக்கு முதல் எங்கட வாயால வரவேணும்.”

“புருசனை விட உமக்கு மீன் பெரிசாப் போச்சு.”

அவள் தள்ளி நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த விரிப்பு அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. பெரியவை ஒரு வரிசை, நடுத்தரம் ஒரு வரிசை, கடைசியில் குஞ்சுகள், எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து. கொட்வின் நெடுநேரம் பார்த்தான். கையைக் காற்சட்டையில் துடைத்தான். துடைக்க அதில் எதுவும் இருக்கவில்லை.

பிறகு சரிவில் இறங்கி அந்தப் பெண்ணை நோக்கிப் போனான். உதவ வந்த இன்னொருவன் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் சிரித்து, நன்றி சொல்லி, ஒரு சோடி ரப்பர் கையுறைகளை நீட்டினாள். கொட்வின் வாயைத் திறந்தான். மூடினான். கையுறைகளை மாட்டிக்கொண்டு சப்பாத்தோடே ஆற்றுக்குள் இறங்கினான்.

முழங்கால் தண்ணீரில் நின்று, வேரடியில் கைவிட்டு ஒரு மீனைத் தூக்கினான். அதன் செவுள் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. விரிப்பில் போடவும் முடியாமல், ஆற்றில் விடவும் முடியாமல், இரண்டு கைகளிலும் அதை ஏந்தியபடி அவன் அங்கேயே நின்றான்.