‘ஆ’ ஆசாமி

கணக்குத் தேர்வுகளில் வரும் மனிதர்களைப் போன்ற மடையர்கள் வேறு எங்கும் கிடையாது என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம். ஒருவன் இருபது சதவீதத் தள்ளுபடியில் குடை வாங்குவான். வாங்கியதை விரித்துப் பிடிக்காமல், மழையில் நனைந்தபடி அதன் அசல் விலை என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்பான். பில்லைப் பார்க்கும் அறிவுகூட அவனுக்கு இருக்காது. இந்த மாதிரி ஆசாமிகளைப் படைத்து விடுவதுதான் அவளுக்கு உத்தியோகம். நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கும் பொதுக் கணிதத் தேர்வுக்குக் கேள்வி எழுதும் அலுவலகத்தில், சதவீதமும் தள்ளுபடியும் அவள் பொறுப்பு.

சரியான விடை எழுதுவது அங்கே பெரிய காரியமில்லை. தப்பான விடை எழுதுவதுதான் வித்தை. நான்கு விடைகளில் மூன்று தப்பாக இருக்க வேண்டும். அதற்காக வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட முடியாது. அந்தத் தப்பை நிஜமாகவே செய்யக்கூடிய ஒரு தலை உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிவுத் தலைவர் சிவப்பு மையால் அடித்து, ‘எந்த மடையன் இப்படி யோசிப்பான்?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். மற்றவர்களுடைய தாள்கள் அம்மை போட்ட முகம் மாதிரி திரும்பி வரும். அவளுடையது மட்டும் மாசு மருவில்லாமல் வரும்.

காரணம், அந்தத் தலை அவள் வீட்டிலேயே இருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் வந்து, விரலிடுக்கில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவும்போது, அவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

“விலை ஆயிரம். இருபது சதவீதம் ஏத்துறான். ஏத்தின விலையில இருபது சதவீதம் தள்ளுபடி தர்றான். இப்ப என்ன விலை?”

“ஆயிரம்தான்.”

“எப்படிங்க?”

“இதுல என்ன எப்படி? ரெண்டு மாடி ஏறின லிஃப்ட் ரெண்டு மாடி எறங்கினா, கெளம்பின எடத்துலதானே வந்து நிக்கும்.”

“சரி. இருபது சதவீதம் தள்ளுபடி போக எண்ணூறு. அசல் விலை?”

“கழட்டினதைத் திருப்பி மாட்டிட்டா முடிஞ்சுது. எண்ணூறுல இருபது சதவீதம் நூத்தி அறுபது. தொள்ளாயிரத்து அறுபது.”

அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சிரிப்பை விழுங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். மறுநாள் அந்த ஆயிரமும் தொள்ளாயிரத்து அறுபதும் ராஜ மரியாதையோடு ‘ஆ’ என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் ‘ஆ’தான். அது அவள் பழக்கமாகிவிட்டது.

“மேடம், இந்த ஆளை எங்க புடிச்சீங்க?” என்று மொழி திருத்துபவர் ஒருநாள் கேட்டார். கேள்வித்தாளில் காற்புள்ளி வைப்பதற்கென்றே அலுவலகம் வைத்திருந்த மனிதர் அவர்.

“எங்க பக்கத்து வீட்டுக்காரர்” என்று அவள் சொல்லிவைத்தாள்.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘ஆ’ ஆசாமி என்று பெயர் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவர்தான் தொட்டுக்கொள்ள. இன்றைக்கு என்ன உளறினார் என்று கேட்டுக்கொண்டேதான் டப்பாவைத் திறப்பார்கள்.

“அவரைப் பத்திரமாப் பாத்துக்குங்க” என்பார் தலைவர். “அந்த ஆளுக்குப் புத்தி வந்துட்டா நம்ம பொழப்பு போயிடும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் ஒரு பிடி கூடவே சிரிப்பாள். துணைத் தலைவர் பதவி காலியாகியிருந்தது. யாருடைய கேள்விகள் அதிகம் தேறுகின்றனவோ அவர்களுக்கு என்று பேச்சு. அடுத்த தேர்வுக்கான தாளில் தள்ளுபடிக் கணக்குகள் அத்தனையும் அவளுடையவை. நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு மாலை, துண்டில் கை துடைத்துக்கொண்டே கணவர் சொன்னார்.

“கம்பெனியில மேற்பார்வையாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். பொதுக் கணிதத் தேர்வுல பாஸ் பண்ணணுமாம்.”

அவள் அடுப்பை அணைத்தாள். “எந்தத் தேர்வு?”

“எத்தனை இருக்கு? உங்க ஆபீஸ் நடத்துறதுதான். வர்ற தேர்வு.”

“என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னா சிரிப்பே.”

“நான் எப்பங்க சிரிச்சேன்?”

“சிரிக்கல. உதட்டைக் கடிப்பே.” அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. லிஃப்ட் குழிக்குள்ள எறங்கினா ஏறி வர்றதுக்கு ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கு. இது கெடைச்சா மேலயே நின்னு வேலை வாங்கலாம். நீயும் தினமும் கணக்குக் கேக்குற, நல்ல பயிற்சி. ஒண்ணும் தப்புன்னு நீ சொன்னதே இல்லையா, சரி, தேறிடுவோம்னு தைரியம் வந்துடுச்சு.”

உண்மைதான். ஒரு நாளும் அவள் தப்பு என்று சொன்னதில்லை. சொன்னால் திருத்திக்கொண்டுவிடுவாரே! கறக்கிற மாட்டுக்கு யாராவது கணக்குச் சொல்லிக் கொடுப்பார்களா? அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, அந்தத் தாளில் ஒவ்வொரு பொறியும் அவருக்கென்றே வைத்தது. மனிதர் நிம்மதியாக உள்ளே போய், தன் வீட்டுக்கு வந்த மாதிரி ‘ஆ’, ‘ஆ’ என்று குறித்துவிட்டு வருவார்.

வழி ஒன்று இருந்தது. ‘ஆ’வை மட்டும் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது திருட்டு. சும்மா இருப்பதும் ஒரு வழி. அதைத் திருட்டு என்று எந்த விதியும் சொல்லவில்லை; அவளுக்குத்தான் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. மூன்றாவது வழி விதிப்புத்தகத்தில் இருந்தது. வீட்டில் ஒருவர் தேர்வு எழுதினால் கேள்வி எழுதியவர் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவருடைய கேள்விகள் அத்தனையும் தாளிலிருந்து எடுக்கப்படும். மற்றவர்கள் எழுதும் கேள்விகளும் அவருக்குக் காட்டப்படாது.

மறுநாள் அவள் தலைவர் மேசைக்கு முன்னால் போய் நின்று, வீட்டில் ஒருவர் தேர்வு எழுதுவதாகச் சொன்னாள்.

“உங்க கேள்வியை எடுத்துட்டா நான் எதை வெச்சு உங்களைத் துணைத் தலைவர் ஆக்குறது?” என்றார் அவர். “இது தெரிஞ்சுதான் பேசுறீங்களா? வீட்டுல யாரு எழுதுறாங்க?”

“என் கணவர் சார்.”

காற்புள்ளிக்காரர் நாற்காலியைத் திருப்பினார். “அப்ப என்ன மேடம் கவலை? நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. சார் நூத்துக்கு நூறு வாங்கிடுவாரு.”

“வாங்க மாட்டார்” என்றாள். “பக்கத்து வீட்டுல எங்களுக்கு யாரையும் தெரியாது. ‘ஆ’ ஆசாமின்னு நாம சிரிக்கிறோமே, அவர்தான் என் வீட்டுக்காரர்.”

காற்புள்ளிக்காரர் ஒழுங்காக இருந்த வாக்கியம் ஒன்றை மிகுந்த அக்கறையோடு திருத்த ஆரம்பித்தார். தலைவர் சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மனிதருக்குக் கூச்சம் வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

“போகட்டும்” என்றார் அவர் கடைசியில். “இந்தத் தேர்வு முடிஞ்சதும், அடுத்த தாளுக்கு அவர்கிட்ட கொஞ்சம் கணக்குக் கேட்டு...”

“இனிமே அவர் தப்பு போட மாட்டார் சார்.”

பதவிக்குக் காத்திருப்பவள் சொல்வதற்கு, அத்தனை வருஷ உத்தியோகத்தில் அவள் எழுதாத அளவுக்குத் தப்பான விடை அது. எந்த மடையன் இப்படி யோசிப்பான் என்று அவர் ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மாலையில் கணவர் கை கழுவி வருவதற்குள் அவள் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தாள்.

“விலை ஆயிரம். இருபது சதவீதம் ஏத்தி, அப்புறம் இருபது சதவீதம் தள்ளுபடி.”

“ஆயிரம்.”

“தப்பு” என்றாள். உதட்டைக் கடிக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். “இத்தனை நாளும் இதையேதானே சொன்னேன்?”

“ஆமா. இத்தனை நாளும் தப்பு. நான்தான் சொல்லல. ஆபீஸ்ல அதை விடையா எழுதிப் பேர் வாங்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே மடித்த துண்டு.

“நல்லாத்தான் சிரிச்சிருப்பீங்க” என்றார். பிறகு, “சரி, எப்படித் தப்பு? அதைச் சொல்லு.”

“அஞ்சு மாடிக் கட்டடம். அதுல அஞ்சுல ஒரு பங்கு ஏத்திக் கட்டுறாங்க. எத்தனை மாடி?”

“ஆறு.”

“இப்ப ஆறுல அஞ்சுல ஒரு பங்கை இடிக்கிறாங்க. ஒரு மாடியா இடிப்பாங்க?”

அவர் விரலை மடக்கினார், நீட்டினார். கூரையைப் பார்த்தார். “ஒரு மாடிக்கு மேல கொஞ்சம்... கட்டடம் பெரிசாயிடுச்சுல்ல, பங்கும் பெரிசாயிடும். அப்ப அஞ்சு மாடி முழுசா தேறாது.”

“நாலு மாடியும் இன்னொரு மாடியில முக்காலுக்கு மேல கொஞ்சமும்.”

“லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல போய் நிக்கும்” என்றார் அவர். “கடைசியில என்னைத்தான் கூப்பிடப் போறாங்க.”

அவள் சிரித்தாள். உதட்டைக் கடிக்காமல், அவர் முகத்தைப் பார்த்தே சிரித்தாள். அவர், “அடுத்ததைக் கேளு” என்றார்.