மூன்றாம் ஓலை

சட்டசபைக் கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போதெல்லாம், அங்கே நடந்ததைத் தமக்கு ஓட்டுப் போட்ட ஜனங்களிடம் நேரில் சொல்லிவிட்டுப் போவது வக்கீல் அசரியாவின் வழக்கம். அந்தச் சனிக்கிழமை மாலையும் சித்தூர் மிஷன் பெண் பள்ளிக்கூடத்து ஹாலில் ஆலயச் சபையார் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

முதல் பெஞ்சில் கம்பவுண்டர் ஏசுரத்தினம் உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் இருமல் மருந்து கலக்கிக் கொடுக்கிற மனிதருக்குத் தம்முடைய இருமலுக்கு மட்டும் மருந்து தெரியவில்லை. முக்கியமான எதையாவது சொல்ல நினைத்தால் முதலில் இருமல்தான் வரும். அன்று இருமல் வந்துகொண்டே இருந்தது. பேச்சு வரவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவருடைய மகள் ஜெயசீலிக்கு நிச்சயமான மாப்பிள்ளை பிரகாசம், திருப்பதியில் ஆப்காரி இலாகா குமாஸ்தா. கள்ளுக்கடை, சாராயக்கடைகளை மேற்பார்க்கிற இலாகா அது. அக்டோபரிலிருந்து சித்தூர் ஜில்லாவில் மதுவிலக்கு வரப்போகிறது. கடையே இல்லாத ஜில்லாவில் கடைகளை மேற்பார்க்க ஆள் எதற்கு? மூன்று ஞாயிறு ஆலயத்தில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்ட பிறகுதான் கல்யாணம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முன் ஏசுரத்தினம் பாதிரியாரிடம் போய், கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து மாப்பிள்ளையோடு பேச்சும் இல்லை.

மேடையில் அசரியா குடிதண்ணீர்க் கிணறுகளைப் பற்றிய மசோதாவுக்கு வந்திருந்தார்.

"ஒரு மசோதா சட்டம் ஆகணும்னா சபையில மூணு தடவை வாசிக்கணும். இதுல ரெண்டு வாசிப்பு முடிஞ்சுது. மூணாவது மட்டும் நிக்குது."

"அங்கியும் யாராவது நிறுத்தி வெச்சிட்டாங்களா?" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

ஹால் முழுவதும் சிரித்தது. அசரியாவுக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. ஏசுரத்தினம் இருமினார்.

பெண்கள் பக்கம் ஞானம்மாள் மகளின் காதருகே குனிந்தாள். "உங்க நைனா இருமி இருமி உசுர வுட்டாலும் வுடுவாரே தவிர, வாயத் தொறந்து கேக்க மாட்டாரு பாரு."

ஜெயசீலி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு அப்பால் புங்கமரத்தடியில், கையில் மடக்கிய குடையோடு பிரகாசம் நின்றிருந்தான். சர்க்கார் உத்தியோகஸ்தன் அரசியல் கூட்டத்தில் வந்து உட்காரக் கூடாது. அதனால் உள்ளே வர மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதியிலிருந்து ஏன் வந்தான்? வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா?

புத்தலப்பட்டிலிருந்து வந்த ஒரு விவசாயி எழுந்து, "மா ரோட்டு சங்கதி ஏமண்டி?" என்று கேட்டார். அசரியாவும் தெலுங்குக்கு மாறி, மழை நின்றதும் ரோட்டு வேலை ஆரம்பிக்கும் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேற யாருக்காவது கேள்வி உண்டா?"

ஏசுரத்தினம் பாதி எழுந்தார். இருமல் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஜெயசீலி எழுந்து நின்றாள். தினமும் அதே ஹாலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரல், அன்று முதல் வார்த்தையிலேயே தடுமாறியது.

"ஐயா, மதுவிலக்கு வந்தா ஆப்காரியில வேலை செய்யறவங்க கதி என்ன?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்விம்மா. இதை நானே சபையில கேட்டேன். பர்மனெண்ட் ஆனவங்க யாரையும் வீட்டுக்கு அனுப்பப் போறதில்ல. கடைகள் இன்னும் இருக்கிற ஜில்லாவுக்கு மாத்துவாங்க, இல்லன்னா வேற இலாகாவுல எடுத்துக்குவாங்க. மந்திரி எழுந்து நின்னு சொன்ன பதில் இது. ஆனா தற்காலிகமா ஆக்டிங்ல இருக்கிறவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியாததை நான் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது."

ஜெயசீலி அப்படியே உட்கார்ந்தாள். நிச்சயதார்த்தத்தின்போது பிரகாசம் ஆக்டிங்தான்.

மகளின் கண் போன ஜன்னலுக்கு வெளியே பிரகாசத்தைப் பார்த்துவிட்ட ஏசுரத்தினம் எழுந்தார். மேடைப் பக்கம் திரும்பாமல், ஆண்கள், பெண்கள் இரண்டு பக்கத்தின் பார்வையையும் வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். ஞானம்மாளும் ஜெயசீலியும் ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நகர்ந்தார்கள்.

புங்கமரத்தடியில் பிரகாசம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

"இங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கிற?"

"வூட்டாண்ட போனேன் மாமா, பூட்டியிருந்துது. உள்ள வந்தா எங்க இன்ஸ்பெக்டர் தோலை உரிச்சிடுவாரு."

ஏசுரத்தினம் இருமி முடித்தார். "வேல இன்னா ஆச்சு?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். புதங்கிழமை பர்மனெண்ட் பண்ணிட்டாங்க." அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "ஆனா எலாகாவே நிக்குமா நிக்காதான்னு அங்க யாருக்கும் தெரியல மாமா. இத்த வெச்சிக்கினு நான் உங்ககிட்ட இன்னான்னு பேசறது?"

ஏசுரத்தினம் அந்தக் குடையை அவன் கக்கத்திலிருந்து வாங்கித் தாம் ஊன்றிக்கொண்டார்.

"பர்மனெண்டு ஆளுங்களுக்கு ஒண்ணும் பயமில்லியாம். இப்பதான் அசரியா சொன்னாரு. சபையிலியே கேட்டாச்சாம்."

"நெஜமாவா மாமா? அவர யாரு கேட்டது?"

"உன் டீச்சரம்மாதான். எனக்கு இருமல்."

பிரகாசம் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். அங்கே ஐந்தாறு தலைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மட்டும் சட்டென்று பின்வாங்கியது.

"ஆனா வேற ஜில்லாவுக்குத் தூக்கிப் போடுவாங்களாம்," என்றார் ஏசுரத்தினம், குரலைத் தாழ்த்தி. "அத்தயும் சொல்லிட்டாரு."

"எங்க போட்டாலும் கிறிஸ்மஸுக்கு இட்டுக்கினு வந்துடறேன் மாமா."

"ஈஸ்டருக்கு?"

"ஈஸ்டருக்கும்."

ஏசுரத்தினம் ஹாலுக்குத் திரும்பியபோது அசரியா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பாதிரியார் அருகில் நின்றிருந்தார். கம்பவுண்டர் இருமவே இல்லை.

"ஐயா, நாளிக்கி மூணாவது ஓலையையும் வாசிச்சிடுங்க."

அசரியாவுக்கு அப்போதுதான் அந்தச் சிரிப்பின் காரணம் விளங்கியது. "அடடே, இங்கேயும் மூணு வாசிப்புதானா? எங்க சபையில இவ்வளவு சீக்கிரம் எதுவும் நிறைவேறாதுங்க கம்பவுண்டர்," என்றார்.

மறுநாள் ஆலயத்தில் பிரகாசம் நடு வரிசையில் தாராளமாக உட்கார்ந்திருந்தான். ஆராதனைக்கு வருவதை எந்த இன்ஸ்பெக்டரும் தடுக்க முடியாது. பாதிரியார் இரண்டு பெயர்களையும் வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று சொல்லி நிறுத்தினார்.

அந்த நிசப்தத்தில் ஏசுரத்தினத்தின் தொண்டை கரகரத்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஞானம்மாள் முறைத்த முறைப்பில் அவர் அங்கவஸ்திரத்தை வாயில் அழுத்திக்கொண்டார். முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. பாதிரியார் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, சாவதானமாக அடுத்த ஞானப்பாட்டின் எண்ணைச் சொன்னார்.

சபை எழுந்து பாட ஆரம்பித்தது. ஏசுரத்தினம் அங்கவஸ்திரத்தை எடுத்துவிட்டு ஆசை தீர இருமினார்.