நடுப்பாருக்கு ஒரு கூடை எலுமிச்சை

குற்றாலத்து ஓடையில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது ஓர் எலுமிச்சம்பழம் மிதந்து வந்தால் என்ன செய்வீர்கள்? எடுத்துத் தலையில் தேய்ப்பீர்கள். சனோபருக்கு அது முன்கூட்டியே தோன்றவில்லை.

நான் கடற்கரை ஊர்க்காரன். சாரல் சமயத்தில் இங்கே ஓடைக்கரையில் சர்பத் கடை போடுவேன். அன்றைக்கு எங்கள் கடற்கரை ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. மீன்பிடி வள்ளக்காரர்களின் தலைவர் நல்லகண்ணு அண்ணாச்சி எண்ணெய் வடியும் தலையோடு என் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே சனோபர் வந்துவிட்டாள். தென்காசிப் பெண். கடல்மீன் ஆராய்ச்சிக்காக அண்ணாச்சியின் ஊருக்குப் போய் வருகிறவள். லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவர்கள் ஊருக்கு வடக்கே ஒரு பவளப்பாறை, தெற்கே ஒன்று. பார் என்பார்கள். இரண்டிலும் மீன் பிடிக்கத் தடை. இடையில் இருக்கும் சின்ன நடுப்பாரிலும் வலை போடாமல் விட வேண்டும் என்று சனோபர் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அதற்காக ஊர்க் கூட்டம். அண்ணாச்சி சரி என்றால் ஊரே சரி என்னும்.

"குளிக்க வந்த எடத்துலயும் விட மாட்டியா பாப்பா? ரெண்டு பாரை அடைச்சாச்சு. நடுவுல எதுக்கு?"

"வடக்குப் பார்ல மீன் முட்டை போடுது அண்ணாச்சி. பொரிஞ்ச குஞ்சுக்கு நீந்தத் தெம்பு கிடையாது, நீரோட்டம் இழுத்த பக்கம் போகுது. தெக்குப் பார் தூரம், போற வழியிலயே முக்காவாசி செத்துரும். நடுப்பார்ல ஒதுங்கி வளந்துட்டா, அது போடுத முட்டையில பொரிச்சது தெக்க போய்ச் சேரும்."

"நீ பாத்தியாக்கும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்தக் கூடையக் குடுங்க."

சர்பத்துக்கு வாங்கி வைத்திருந்த புளியங்குடி எலுமிச்சம்பழம், கூடை நிறைய. யாவாரம் போச்சே என்று முனகிக்கொண்டே கொடுத்தேன். பேச்சு வளர்ந்தால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்களே.

சனோபர் விளக்கினாள்: ஓடையின் மேல்பாலம் வடக்குப் பார், அண்ணாச்சி நிற்க வேண்டிய கீழ்ப்பாலம் தெற்குப் பார். இடையில் ஓடை வளைந்து தண்ணீர் சுழலும் இடம் நடுப்பார். அங்கே நான் பாதிப் பழங்களோடு நிற்க வேண்டும். மேலிருந்து வந்து ஒதுங்கும் ஒவ்வொரு பழமும் வளர்ந்த மீன். அதற்குக் குஞ்சாக நான் ஒரு பிடி பழத்தைக் கீழே விட வேண்டும்.

சனோபர் மேலிருந்து கொஞ்சம் பழத்தைக் கொட்டினாள். வளைவில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்தார்கள்.

"ஏலே, எனக்கொண்ணு!"

"இங்கன தேயிடே, பேன் சாகட்டும்!"

ஒரு பழமும் ஒதுங்கவில்லை. நானும் எதையும் விடவில்லை. கீழ்ப்பாலத்தில் அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன பாப்பா, ஒன் மீனெல்லாம் ஊரான் தலையில இருக்கு?"

"நடுவுல எடுத்துட்டாவ அண்ணாச்சி." அவள் முகம் சுண்டிவிட்டது.

"அவ்வளவுதான? எடுக்காம நான் பண்ணுதேன் பாரு."

கேலிக்குத்தான் கிளம்பினார். வேனில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்து வந்து, மிச்சம் இருந்த பழங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். என்னுடையவற்றையும் விடவில்லை. பிறகு கீழே போய் நின்றுகொண்டார்.

சனோபர் மேலிருந்து கொட்ட, பொட்டு வைத்த பழங்கள் மிதந்து வந்தன.

"ஏட்டி, தொடாத! எவனோ சுத்திப் போட்டு விட்டிருக்கான்!"

வளைவில் இருந்தவர்கள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். பழங்கள் நிதானமாகச் சுழன்று ஒதுங்கின. நான் பிடி பிடியாக விட்டேன். கீழேயும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கீழ்ப்பாலத்தடியில் பொட்டும் பழமுமாக வந்துகொண்டே இருந்தன. அண்ணாச்சி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்வளவுமா!"

"நடுவுல யாரும் கை வைக்கலல்லா?" என்றாள் சனோபர். "கடல்ல குஞ்சுக்குப் பொட்டு வைக்க முடியாது அண்ணாச்சி. நீங்கதான் கை வைக்காம இருக்கணும்."

கூட வந்த வேன் டிரைவர் நம்பிராஜன், "குங்குமம் வச்சது நீருல்லா? இனி என்ன பேசுவீரு?" என்றார்.

"பேசாம வண்டிய எடும்வே!" என்ற அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏறப்போனவர் திரும்பினார். "நடுப்பார்ல வளந்து வெளிய வாற மீனு எங்களுக்குத்தான பாப்பா?"

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி."

மறுநாள் காலை ஊர்க் கூட்டத்தில் நடுப்பாரில் வலை போடுவதில்லை என்று முடிவானது. நான் எலுமிச்சம்பழம் வாங்கப் புளியங்குடி பஸ்ஸில் ஏறினேன்.