கார் போகும் வழி

சத்தியநேசன் ஐந்து சென்ட் வாங்கிய கதையைப் பாலராமபுரத்தில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். அதில் வரும் கார் பெரிய கார் என்று சிலர் சொல்வது பொய். சின்னக் கார்தான், வெள்ளை நிறம். ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம் எழுதுவது என் தொழில். நாற்பத்தொரு வருடமாக அளவுகளைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

சத்தியநேசனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் ஆடாமல் இருக்க அவற்றைக் கம்பியாலும் பட்டையாலும் இறுக்கிக் கட்டுவான். பதினோரு வருடம் வாடகை வீடு. நான்கு வீடு மாறிவிட்டான். ஒரு நாள் மனைவி ராகேலையும் அழைத்துக்கொண்டு என் எழுத்து மேசைக்கு வந்தான். சட்டைப் பையில் ஒரு பத்திரிகைத் துண்டு. மாதச் சம்பளக்காரன் கடன் வாங்கி வீடு வாங்குவதற்குத் தோதான மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று என்று அதில் போட்டிருந்தது.

"எழுதினவனுக்கு வீடு உண்டா?" என்று கேட்டேன்.

"வாடகைக்கு இருக்கான்னு கேள்வி அண்ணாச்சி."

அவர்கள் பார்த்து வைத்திருந்தது கௌசல்யாவின் ஐந்து சென்டும் அதிலிருந்த பழைய ஓட்டு வீடும். சென்டுக்கு நாலரை லட்சம், வீட்டுக்குத் தனி விலை இல்லை, ஆக இருபத்திரண்டரை. நான் ஒரு தாளை எடுத்து அதன் கீழே எழுதிக்கொண்டே போனேன். முத்திரைக்கு நூற்றுக்கு எட்டு. பதிவுக்கு இரண்டு. வங்கிக்காரனின் புராசஸிங். அவன் வக்கீல் முன்னாதாரங்களை, அதாவது பழைய பத்திரங்களை, வாசித்துப் பார்க்கக் கூலி. அவன் வேல்யூவர் வந்து வீட்டை மதிப்பிடக் கூலி. என் எழுத்துக்கூலி. தாள் தீர்ந்ததும் நிறுத்தினேன். ராகேல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு உள்ள பைசாதான் சேர்த்தோம். வாங்கறதுக்கு உள்ள பைசா சேர்க்கல்லியே" என்றாள். கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் அது கழுத்தில் இல்லை.

சென்டு நாலரைக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு பாறை. ரோட்டிலிருந்து கௌசல்யாவின் முற்றத்துக்கு நல்ல அகலமான இறக்கமான வழி உண்டு. ஆனால் பாதியில் வலப்பக்கம் ஒரு பாறை, இடுப்பளவு உயரம், ஆனை படுத்ததுபோல. இடப்பக்கம் பக்கத்து வீட்டு மாடம்மாளின் மதில். இரண்டுக்கும் நடுவே ஆளும் ஆடும் போகலாம், சைக்கிள் போகலாம். கார் போகாது என்பது ஊர் அறிந்த விஷயம். கார் போகாத மனைக்கு எங்கள் பக்கத்தில் விலை குறைவுதான். அரசாங்கமே அதற்கு வேறு விலைதான் போட்டு வைத்திருக்கிறது.

கௌசல்யா விவரமானவள். ஒப்பந்தம் எழுதும்போது என்னிடம் சொன்னாள்: "திரவியண்ணே, இவங்க நாளைக்கே ஆளை விட்டுப் பாறையை உடைச்சு, காரைக் கொண்டு நிறுத்திட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சா? ஒரு வரி சேர்த்து எழுது. ஆதாரம் பதியறதுக்கு முன்னாடி என் முற்றத்துல ஒரு கார் வந்து நின்னா, சென்டுக்கு ஏழு."

எழுதினேன். ஏழு என்றால் முப்பத்தைந்து லட்சம். அக்டோபர் முப்பதாம் தேதிக்குள் பதிய வேண்டும், தவறினால் கொடுத்த அட்வான்ஸ் இரண்டு லட்சமும் கௌசல்யாவுக்கு. சத்தியநேசன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். காரே இல்லாதவன், அவனுக்கு என்ன பயம்.

அதன் பிறகுதான் வங்கிக்குப் போனான். மேனேஜர் அஸ்வதி காகிதங்களையெல்லாம் பார்த்து, நல்ல பேப்பர்ஸ் என்று புகழ்ந்துவிட்டு, கடைசியில் கேட்டாள்: "வண்டி போகுமல்லோ?"

"எங்க?"

"வீட்டுக்கு. வண்டி போகாத ஸ்தலத்துக்கு லோன் கிடையாது சேட்டா. நாளைக்கு நாங்க விக்கணும்னு வந்தா யார் வாங்குவா?"

சத்தியநேசன் நேராக என்னிடம் வந்தான். கார் போனால் கௌசல்யாவுக்கு முப்பத்தைந்து லட்சம். போகாவிட்டால் வங்கியில் ஒரு பைசா கிடையாது, அட்வான்ஸும் போச்சு. "நீங்கதானே அண்ணாச்சி அந்த வரியை எழுதினீங்க" என்றான். "நல்ல கையெழுத்துல எழுதியிருக்கேன்" என்றேன்.

வங்கியின் வேல்யூவர் கிருஷ்ணகுமார் வலியசாலைக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவர் டேப் பிடித்து வழியை அளக்க மாட்டார். தம்முடைய காரை ஓட்டிக்கொண்டு வருவார். கார் போனால் 'போகும்' என்று எழுதுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட அவர் 'போகாது' என்று எழுதியதில்லை. வழி அகலமாக இருந்ததால் அல்ல. தாம் ஓட்டினால் கார் போகும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். கௌசல்யா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ராகேல் பாறைக்கு இந்தப் பக்கம் நின்று வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். எதற்காக ஜெபிப்பது என்று அவளுக்கே நிச்சயமில்லை. கார் இறக்கத்தில் வந்தது. கண்ணாடிகளை மடக்கிக்கொண்டது. பாறைக்கும் மதிலுக்கும் நடுவே நுழைந்து, கதவுகள் இருக்கும் இடம்வரை போய், ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்னே போகவில்லை. பின்னே வரவில்லை. கதவைத் திறக்கவும் இடமில்லை.

பிறகு டிக்கி திறந்தது. கிருஷ்ணகுமார் அதன் வழியாக, காகிதப் பையை முதலில் வெளியே நீட்டிவிட்டு, காலை வைத்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"சிக்கிக்கிடுச்சா சாரே?" என்றான் சத்தியநேசன்.

"யாரு சொன்னா? நான் நிறுத்தியிருக்கேன்" என்றார் அவர்.

பாறைமேல் ஏறி இறங்கி முற்றத்துக்குப் போய் வீட்டைப் பார்த்தார். உத்தரத்தைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். திண்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார்: 'வாகனம் செல்லும் வழி உண்டு. அடியேனின் வாகனம் தற்போது அவ்வழியில் நிற்கிறது.' எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானே வாசித்துப் பார்த்தேன்.

கௌசல்யாவுக்கும் மனம் நிறைந்திருந்தது. "பார்த்தியா, கார் போகாது, போகாதுன்னு நான் சொல்லல்லியா? நாலரையே நாலரை" என்று சத்தியநேசனுக்கு ஒரு தம்ளர் சாயா கொடுத்தாள். கிருஷ்ணகுமார் பஸ் ஏறிப் போனார்.

காரை வெளியே இழுக்க ஆள் கூப்பிடலாமா என்று சத்தியநேசன் மறுநாள் ஃபோனில் கேட்டபோது அவர் கோபித்துக்கொண்டார். நிறுத்திய காரை எதற்கு இழுக்க வேண்டும்? இழுத்தால் அது சிக்கியதாக ஆகிவிடும். சிக்கியது என்றால் ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும். திருத்தட்டுமா? வேண்டாம் என்று சத்தியநேசன் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னான். வாரத்துக்கு ஒரு முறை அவரே பஸ்ஸில் வந்து, டிக்கி வழியாக உள்ளே போய், பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, பாட்டு கேட்டுவிட்டுப் போனார்.

கடன் பாஸாகிவிட்டது. அக்டோபர் முப்பதுக்குப் பதிவு வைத்தோம். அதற்குள் ஐப்பசியின் துலாமழை தொடங்கியது.

மாடம்மாளின் மதில் பூச்சுக்குப் புகழ் பெற்றதல்ல. ஒவ்வொரு மழைக்கும் ஒரு படலமாகப் பூச்சு உரிந்தது. ஒவ்வொரு படலத்துக்கும் கார் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்தது. முதலில் கண்டுபிடித்தவள் ராகேல். மதிலில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்தாள். இருபதாம் தேதி நாலு விரல். இருபத்துமூன்றாம் தேதி ஒரு சாண். இறக்கமான வழி, கீழே முற்றம். நகரும் கார் முற்றத்தைத் தொட்டால் பன்னிரண்டரை லட்சம் கூடுதல்.

சத்தியநேசன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் கட்டும் பட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தான். காரின் பின்பக்கத்தில் மாட்டி ரோட்டோரத்து மின்கம்பத்தில் இறுக்கினான். கடலில் ஆயிரம் பெட்டிகளைப் பிடித்து நிறுத்தும் கட்டு அது. கார் நின்றது. கம்பம்தான் சாய்ந்தது. சாய்ந்ததில் தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக மாடம்மாளின் அடுக்களைக்குள் விழுந்தது. அவள் அதன்பிறகு ராத்திரி பல்ப் போடவில்லை. மதிலைப் பற்றியும் புகார் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி காலையிலிருந்தே மழை. சத்தியநேசனும் கௌசல்யாவும் நானும் சப்ரிஜிஸ்தர் ஆபீஸில். ராகேல் காருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் டோக்கன் பதினான்கு. ஒன்பதாவது ஆதாரத்தோடு சர்வர் படுத்துக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்கு ராகேல் கூப்பிட்டாள். "ரெண்டு பட்டையில ஒண்ணு நூல் நூலாப் பிரியுது."

"மத்ததை ஒரு திருகு திருகு" என்றான் சத்தியநேசன்.

"திருகினா கம்பம் வருது."

"வந்தா வரட்டும். அது கரண்ட் ஆபீஸ்காரங்க கம்பம்."

கௌசல்யா பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "என்ன நேசா, வீட்டுக்காரி தனியா இருக்க பேடிக்கியாளா, பயமா?" என்றாள். "மழையல்லவா அக்கா" என்றான். அவன் நெற்றியில் வேர்த்திருந்தது. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. அன்றைக்குப் பதியாவிட்டால் அட்வான்ஸ் இல்லை, வீடு இல்லை; நாகர்கோவில் பக்கத்து ஆள் ஒருவர் ரொக்கத்தோடு காத்திருப்பதாகக் கௌசல்யா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சத்தியநேசன் சர்வர் இருக்கும் அறையின் கதவைப் பார்த்தே நின்றான். கட்டி வைக்க முடிகிற பொருளாக இருந்தால் கட்டியிருப்பான்.

மூன்றே காலுக்குச் சர்வர் எழுந்தது. பத்து, பதினொன்று என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு நடக்கும்போது கௌசல்யாவுக்கு ஒரு ஃபோன் வந்தது. "செரி. செரி. வைக்கியேன்" என்று சொல்லிப் பைக்குள் போட்டாள். பாலக்காட்டில் இருக்கும் அவள் மகள் என்று நினைத்தேன். பதிமூன்று நடக்கும்போது எனக்கு வந்தது. நான் வராந்தாவின் கோடிக்குப் போனேன்.

"அண்ணாச்சி" என்றாள் ராகேல். அழுகிறாளா மழையா தெரியவில்லை. "போச்சு. பட்டை அத்துப்போச்சு. கார் முற்றத்துல நிக்கு. துணி துவைக்கிற கல்லைத் தொட்டுட்டு நிக்கு."

"சேதம் உண்டா?"

"கல்லுக்கா காருக்கா?"

"ஃபோனை வை மக்களே" என்றேன்.

உள்ளே போனபோது சத்தியநேசன் என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது, அது தொழில் பழக்கம். சப்ரிஜிஸ்தர் கௌசல்யாவிடம் மலையாளத்தில் கேட்டார்: விலை முழுதும் கிடைத்ததா, ஆட்சேபம் ஏதாவது உண்டா? கௌசல்யா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். மூன்று இறக்கை, ஒன்றில் ஒட்டடை.

"ஒண்ணுமில்ல சார்" என்று கையெழுத்துப் போட்டாள். விரல் ரேகை இரண்டு முறை விழவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வைத்தாள், விழுந்தது. வங்கிச் செக்கை இரண்டு பக்கமும் பார்த்துப் பைக்குள் வைத்தாள்.

படியிறங்கும்போது என்னிடம் கேட்டாள்: "திரவியண்ணே, கார் எத்தனை மணிக்கு முற்றத்துல வந்துச்சு?"

"எந்தக் கார்?"

"மூணரைக்கு. மாடம்மா அப்பமே விளிச்சுச் சொல்லிட்டா."

சத்தியநேசன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பின்னே ஏன் அக்கா ஒப்பு போட்டீங்க?"

"ஏழுன்னா நீ எங்க போவே? லோன்காரி உனக்கு ஏழுக்குத் தருவாளா? நாகர்கோவில்காரன் ரொக்கம்னு சொன்னதும் சும்மா சொன்னதுதான். நீ போனா நாளைக்கு நான் பின்னையும் அரிசிச் சாக்கைத் தூக்கிட்டு அந்த இறக்கத்துல ஏறி இறங்கணும். என் முட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு. மகள் ஏறி இறங்க வேண்டாத வீடு பார்த்து வச்சிருக்கா." முறுக்குப் பொட்டலத்தை மடித்தாள். "எழு, மக்கா. சொந்த வீட்டுக்காரன் படியில இருக்கப்பிடாது."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "உன் எழுத்துக்கூலியில பாதி இங்கே வை."

"எதுக்கு?"

"ஃபேனைப் பார்த்ததுக்கு."

வைத்தேன்.

அன்று சாயங்காலம் கிருஷ்ணகுமார் வந்தார். இறக்கத்தில் நடந்து வந்து, முற்றத்தில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்தார். "போகும்னு நான்தான் எழுதினேனே" என்றார். ராகேல் கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பஸ் ஏறிப் போனார்.

மதிலை மாடம்மாள் புதிதாகப் பூசிவிட்டாள், இந்த முறை கனமாக. கார் வெளியே வர இனி வழியில்லை. கௌசல்யாவின் மரப்பீரோவும் அதே காரணத்தால் அங்கேயே நின்றுவிட்டது. மார்ச் மாதம் பஞ்சாயத்திலிருந்து வீட்டு வரிக்கு அளக்க வந்த பையன், நாலு பக்கம் சுவரும் மேலே கூரையும் உள்ளே இருக்கையும் இருப்பதால் காரையும் ஒரு புறக்கட்டிடமாகச் சேர்த்து வரி போட்டான். வருடத்துக்கு நூற்றுப்பத்து ரூபாய். சத்தியநேசன் என்னிடம் வந்து இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கேட்டான். பழைய செலவுத் தாளில் இடமில்லை என்பதால் அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.