மூன்று முறை தேறிய புல்லட்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை நாள் ஒன்று வரும். பதினைந்து வயது தாண்டிய வண்டியைத் தேனிக்கு ஓட்டிப்போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இது இன்னும் ரோட்டில் ஓடலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டால் மறுபடி ஐந்து வருஷம். இல்லையென்றால் வண்டி மாட்டுக் கொட்டத்தில் கோழி அடையத்தான் ஆகும். லாரிக்காரர்களைப் பார்த்து இவர்களும் இதை ‘எஃப்.சி. காட்டுவது’ என்பார்கள்.

ராயப்பன்பட்டி அமிர்தராஜுக்கு மட்டும் அந்தப் பயம் இருந்ததில்லை. அவர் கால்நடை ஆய்வாளர். பசுவுக்கும் எருமைக்கும் சினை ஊசி போடுவது அன்றாட வேலை. ஊசிக்கான விந்து வைத்த நைட்ரஜன் கேனைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை போய் வருவார். வண்டி 1978-இல் வாங்கியது. கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும் பழைய மாடல். மூன்று தடவை எஃப்.சி. காட்டியாகிவிட்டது. மூன்றிலும் போன அன்றே கையெழுத்து. 2003-இல் இருந்த இன்ஸ்பெக்டர், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் டீ கிளாஸை டேங்க் மேல் வைத்து, டீ சிந்தாமல் வட்ட வட்டமாக நடுங்குவதைச் சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினார். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போனது. தேனியில் அரை கிளாஸாக இருந்த டீ, கூடலூர் போய்ச் சேர்ந்தபோது விளிம்பு வரை நிறைந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பருவத்துக்கு வந்த மாடு பஸ்ஸுக்காகக் காத்திருக்காது. வேளை தவறினால் மறுபடி மூன்று வாரம். அதனால் ஒரு சாமான் கெட்டுப்போகும்வரை அமிர்தராஜ் காத்திருந்ததில்லை. கேபிள் அறுவதற்கு முன்பே மாற்றுவார். டயர் வழுக்கையாகும் முன்பே கழற்றுவார். இருட்டுப் பிரியாத காலையில் தோப்புகளுக்குள் போக வேண்டியிருப்பதால் ஹெட்லைட் எப்போதும் பளிச்சென்று எரியும். ஹார்ன் ஒரு பழைய ஜீப்பிலிருந்து கழற்றி மாட்டியது. அடித்தால், கன்றைத் தேடும் எருமை மாதிரி அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். ஊர் எல்லையில் அதைக் கேட்டதுமே மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிடுவார்கள்.

இப்படி ஒரு வண்டி பள்ளத்தாக்கில் இருந்தால் அது ஒருவருக்கே சொந்தமாக இருக்க முடியுமா? கம்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த சுருளிவேலுக்கு அந்த யோசனை எப்போதோ வந்துவிட்டது. யாராவது எஃப்.சி. காட்டப் போகும்போது, அமிர்தராஜின் வண்டியிலிருந்து ஹெட்லைட், ஹார்ன், சில சமயம் பின்லைட் என்று கழற்றி அந்த வண்டியில் மாட்டிவிடுவான். பாஸானதும் பத்திரமாகத் திரும்பி வரும். லாரிக்காரர்கள் டயரை இரவல் வாங்கிக் காட்டுவதில்லையா, அது மாதிரிதான் என்பான். கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்த மாட்டுக்காரர்கள். அமிர்தராஜுக்கு மறுக்க வாய் வரவில்லை. அவர் மனைவி மதலேனாள்தான் கேட்டாள்.

“உங்க வண்டி என்ன கல்யாண வீட்டு அண்டாவா, ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு?”

2008 ஆடியில் அவர் வண்டிக்கே நான்காவது முறை வந்தது. பதிவு அந்த வாரத்தோடு முடிகிறது. அதற்கு முந்தைய மாதம்தான் கூடலூர் தேங்காய் வியாபாரி கோட்டைச்சாமியின் சிவப்புப் புல்லட்டும், காமயகவுண்டன்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் கர்ணனின் பச்சைப் புல்லட்டும் அடுத்தடுத்த வாரத்தில் பாஸாகியிருந்தன. இரண்டிலும் போனது அமிர்தராஜின் ஹெட்லைட்டும் ஹார்னும்; பச்சை வண்டியில் பின்லைட்டும். புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்பது சுருளிவேலுக்குத் தெரியும். அவருக்குக் காது நல்ல காது என்பது தெரியாது.

புது இன்ஸ்பெக்டர் பெயர் தமிழ்மாறன். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். தேனியில் வண்டிகளை நிறுத்தும் மைதானத்தில் ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அவர் பேப்பர்களைத் தொடையில் அமுக்கிக்கொண்டே ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து வந்தார். அமிர்தராஜின் வண்டிக்கு வந்ததும் சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். தரையில் போட்டிருந்த கோட்டுக்கு வந்து பிரேக்கை மிதித்ததும் வண்டி இழுக்காமல், கோணாமல், சொன்ன இடத்தில் நின்றது. முப்பது வயது வண்டி அப்படி நிற்பதைப் பார்த்து அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. இண்டிகேட்டர், பின்லைட் எல்லாம் சரி. குனிந்து ஹார்ன் பட்டனை அழுத்தினார்.

மைதானத்துக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

தமிழ்மாறன் இன்னொரு தரம் அழுத்தினார். பிறகு முன்பக்கம் வந்து ஹெட்லைட் கண்ணாடியை விரலால் தடவினார். அதில் அரிசி அளவுக்கு ஒரு தெறிப்பு உண்டு.

“போன மாசம் ஒரு சிவப்பு வண்டியில இந்த ஹார்னைக் கேட்டேன். அடுத்த வாரம் பச்சை வண்டியில கேட்டேன். ரெண்டுலயும் இதே தெறிப்பு. ஏதோ ஒரே கம்பெனி சாமான்னு நெனச்சுட்டேன். நீங்க மூணாவது ஆளு. யார்கிட்ட சார் இரவல் வாங்கினீங்க?”

வரிசையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர், சாரும் நம்ம ஜாதிதானா என்று சிரித்தார். அமிர்தராஜுக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருஷத்தில் அந்த வண்டியைப் பார்த்து ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. எல்லாம் என்னுடையதுதான் என்றால் போதும். ஆனால் உங்களுடையது அந்த இரண்டு வண்டிக்கும் எப்படிப் போனது என்று உடனே அடுத்த கேள்வி வரும். கோட்டைச்சாமியும் கர்ணனும் வாங்கிய கையெழுத்து அதோடு போயிற்று. சொல்லாவிட்டால் இவர் வண்டி போயிற்று.

“யார்கிட்டயும் வாங்கல சார்” என்று மட்டும் சொன்னார்.

“அரசாங்க வேலை பாக்குறீங்க. நீங்களே இப்படிச் செய்யலாமா?”

சாட்சி ஒன்று அங்கேயே இருந்தது. அது அமிர்தராஜுக்குத் தெரியும். 87-இல் குமுளி மலைப்பாதையில் எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கும்போது வண்டி பாறைச் சுவரில் உரசியது. அந்தக் கீறல் ஹெட்லைட்டின் பளபளக்கும் வளையத்தில் தொடங்கி, அதைத் தாங்கும் இரும்புக் கூட்டின் மேல் ஓடி, கைப்பிடிக்குக் கீழே முடியும். வளையம் கழன்று வேறு வண்டிக்குப் போகலாம், கூடு போகாது. விரலை நீட்டிக் காட்டினால் முடிந்தது. அவர் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

தமிழ்மாறன் விடுகிற ஆளாக இல்லை. இரவல் சாமான் என்றால் மாட்டிய இடத்தில் புதுத் தடயம் இருக்கும் என்று வண்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வளையத்தில் பாதிக் கீறல் தெரிந்தது. கூட்டின் மேலும் ஒரு கீறல், அரை விரல் தள்ளி. சுருளிவேல் அவசரத்தில் வளையத்தைக் கொஞ்சம் திருகினாற்போல மாட்டியிருந்தான். இன்ஸ்பெக்டர் உள்ளங்கையை வைத்து அதை மெல்லத் திருப்பினார். இரண்டு கீறலும் சேர்ந்து ஒரே கோடாகின. துரு ஏறி, பாலிஷ் ஏறி, மழுங்கிப்போன பழைய கோடு.

அவர் ஹெட்லைட்டில் கை ஊன்றி எழுந்தார்.

“இது இந்த வண்டியோடதுதான். ஏன் சார் சொல்லல?”

“சொன்னா அடுத்த கேள்வி கேப்பீக.”

“கேக்கத்தான் செய்வேன்.”

“அதுக்கு என்கிட்ட பதில் கெடையாது. என் வண்டியத் திருப்பி அனுப்பிருங்க.”

“நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டதே நான்தானே” என்றார் தமிழ்மாறன். கோபம் குரலில் இருந்தது. ஆனால் கை இன்னும் ஹெட்லைட் மேலேயே இருந்தது. “ஒரே மாசத்துல இந்த வண்டியைத் துண்டு துண்டா மூணு தடவை பாத்திருக்கேன். மூணு தடவையும் ஒரு குறை சொல்ல முடியல. அதான் எரிச்சல்.”

பிறகு தீர்ப்பைச் சொன்னார். நாளைக் காலையில் மூன்று வண்டியும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். எது எந்த வண்டிச் சாமான் என்று அப்போது தெரிந்துவிடும். அதுவரை இதற்கும் கையெழுத்து கிடையாது. ஒன்று வராவிட்டாலும் மூன்றுக்கும் இல்லை.

அமிர்தராஜ் போய்ச் சொன்னதும் கர்ணன் ஒத்துக்கொண்டான். கூடலூரில் கோட்டைச்சாமி அப்படி இல்லை. தேங்காய்க் குவியல் மேல் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நியாயமாகத்தான் பேசினார்.

“டாக்டரே, நீங்க நல்ல மனுசன், இல்லங்கல. எனக்கு பாஸாயிருச்சு, பேப்பர் பெட்டியில இருக்கு. நானே போயி எதுக்குத் தலையக் குடுக்கணும்?”

தான் டாக்டர் இல்லை என்று வழக்கமாகத் திருத்தும் அமிர்தராஜ் அன்று திருத்தவில்லை. வராவிட்டால் அந்தக் கையெழுத்தும் நிற்காது என்று இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னார். அது பார்த்துக்கலாம் என்றார் கோட்டைச்சாமி. உங்களுக்காகத்தான் வாய் திறக்காமல் நின்றேன் என்று சொல்ல அமிர்தராஜுக்குக் கூச்சமாக இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மதலேனாள் அண்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் போதுமான ஏச்சாக இருந்தது.

மறுநாள் மைதானத்தில் கர்ணனின் பச்சை வண்டி புது ஹெட்லைட்டும் ஹார்னுமாக வந்து நின்றது. பக்கத்தில் அமிர்தராஜின் வண்டி. மூன்றாவது இடம் காலியாகக் கிடந்தது. தமிழ்மாறன் லாரிகளை முடித்து, ஆட்டோக்களை முடித்து, இவர்கள் பக்கம் திரும்பினார். அமிர்தராஜ் ரோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இனி வேலைக்குப் போக, கூடலூருக்கு எந்தெந்த நேரத்தில் பஸ் என்று மனதுக்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அப்போது கைக்குழந்தை வீரிட்டு அழுவது மாதிரி ஒரு சத்தம் ரோட்டிலிருந்து வந்தது. கோட்டைச்சாமியின் சிவப்புப் புல்லட். அவசரத்துக்குக் கடையில் அந்த ஹார்ன்தான் இருந்ததாம்.

“எருமை நேத்து சாயங்காலத்திலேருந்து சினைக்குக் கத்திக்கிட்டு நிக்கிது” என்றார் வண்டியை நிறுத்திக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல். “எங்க வீட்டுக்காரி சொல்லிப்புட்டா, இந்த மனுசன் பஸ்ஸுல வந்து வேளை தப்புச்சுன்னா நீ வீட்டுப் பக்கமே வராதன்னு.”

தமிழ்மாறன் சிவப்பு வண்டியின் ஹார்னை ஒரே ஒரு தடவை அழுத்தினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சட்டப்படி அதில் தப்பில்லை, ஹெட்லைட்டும் புதிது. கோட்டைச்சாமிக்குக் கையெழுத்து நின்றது. பச்சை வண்டியில்தான் சிக்கல். ஹெட்லைட்டை நினைத்துக்கொண்ட கர்ணன் பின்பக்கத்தை மறந்திருந்தான். பிரேக்கை மிதித்தால் பின்லைட் எரியவில்லை. கர்ணன் மிதித்தான், மறுபடி மிதித்தான், லைட்டைத் தட்டினான்.

அமிர்தராஜின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய், சின்னத் திருப்புளியை எடுத்து, தன் வண்டியின் பின்லைட் திருகில் வைத்துவிட்டது.

“சார்” என்றார் தமிழ்மாறன்.

திருப்புளி பைக்குள் திரும்பிப் போனது. லாரி டிரைவர்கள் சிரித்ததில் கர்ணனும் சேர்ந்துகொண்டான். அவனை அடுத்த வாரம் சொந்த பல்போடு வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மூன்றுக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு வருவதைப் பற்றித்தான், பாஸாவதைப் பற்றி இல்லை என்றும் சொன்னார்.

கடைசியாக அமிர்தராஜின் வண்டி. நேற்றே எல்லாம் பார்த்தாகிவிட்டது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் தமிழ்மாறன் சக்கரத்திலிருந்து தொடங்கி மெதுவாகச் சுற்றி வந்தார். மற்ற இரண்டுக்கும் ஆன நேரம் இதற்கு மட்டுமே ஆனது. எதையும் தேடுகிறவர் பார்வையாக அது தெரியவில்லை. ஒரு கட்டத்தில் ஹார்னை இரண்டு தரம் அடித்தார். இரண்டாவது தரம் தேவையே இல்லை. பிறகு காற்றில் படபடத்த தாளை டேங்க் மேல் அழுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அமிர்தராஜ் நன்றி சொன்னாரா என்பது கோட்டைச்சாமிக்குத் தெரியாது. அவர் தன் சிவப்பு வண்டியை உதைத்துக் கிளப்பி ரோட்டுக்கு வருவதற்குள் அந்தப் பழைய வண்டி பழனிசெட்டிபட்டியைத் தாண்டியிருந்தது. ராயப்பன்பட்டியில் ஒரு நிமிஷம் நின்று கேனைக் கட்டிக்கொண்டதாக மதலேனாள் பிற்பாடு சொன்னாள். கூடலூர் தோப்பு முனையில் ஹார்ன் கேட்டபோது, கோட்டைச்சாமி இன்னும் கம்பம் தாண்டவில்லை. அவர் மனைவி மொக்கம்மாள் எருமையை அவிழ்த்து வெளியே கட்டியிருந்தாள்.