அருள்மணியின் நாற்காலி

1

எங்கள் பேண்டுக்குப் பத்து வருடம் ஆகிறது, ஆண்டு மலருக்கு வரலாறு எழுதுங்கள் என்றார்கள். காரைக்காலில் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் கூடி வாசிக்கும் பதினான்கு பேரின் வரலாறு. எழுதிக்கொண்டே வந்தவன் 2006-இல் நின்றுவிட்டேன். அங்கே நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது.

2

முதல் வரைவு: ‘மண்டபத்தூர் மீனவர் அருள்மணிதான் எங்கள் முதல் டிரம்பெட். அவர் ஊதினால் கடலே—’

(அடித்துவிட்டேன். கடல் அதுபாட்டுக்கு இரைந்துகொண்டுதான் இருக்கும்.)

அவர் ஊதினால் மற்றவர்கள் விடும் பிழை வெளியே தெரியாது, அவ்வளவுதான். முதல் நாற்காலி அவருடையது. நான் அடுத்த நாற்காலியில், இரண்டாவது டிரம்பெட். பள்ளிக்கூட வாத்தியார்.

3

அந்த நவம்பரில் படகில் கயிறு அறுந்து, கப்பி அவர் முகத்தில் அடித்தது. முன்பல் மூன்று போய்விட்டன. பார்க்கப் போனேன்.

“பல்லு கட்டிக்கிட்டு வந்துடுறேன் சார். குடியரசு தினத்துக்கு ஊதிடலாம். அதுவரைக்கும் என் நாற்காலிய யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“சரிங்க” என்றேன். முந்தின நாள்தான் அதை நான் பேண்டில் கேட்டு வாங்கியிருந்தேன்.*

* மூன்று வரைவுகளில் ‘எனக்குக் கொடுத்தார்கள்’ என்று எழுதியிருந்தேன்.

4

ஜனவரியில் கட்டுப்பல்லோடு வந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். டிரம்பெட்டை எடுத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். பல் நகர்ந்துவிட்டது.

கிளாரினெட் வாசிக்கும் நர்ஸ் மங்கையர்க்கரசி மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, பெரிய டிரம்முக்கு ஆள் இல்ல. நீங்க வாங்கண்ணே.”

“எம்மேல எரக்கப்படுறியாம்மா?”

போய்விட்டார்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குடியரசு தினத்தன்று அவர் டிரம் அடிக்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. மற்றதில் அவர் வரவேயில்லை. இரண்டுமே எனக்கு வசதியானவை.

நடந்தது வேறு. அன்று கடற்கரையில் நல்ல காற்று. என் இசைக்குறிப்புத் தாள் படபடத்தது. சீருடை போடாமல் வந்த அருள்மணி, எனக்குப் பின்னால் நின்று, கையை நீட்டித் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் எப்போதும் திணறும் இடம் நெருங்கியது.

“இப்ப மூச்சு எடுங்க சார்.”

எடுத்தேன். கடைசிவரை ஒவ்வொரு வரிக்கும் சொன்னார். அப்படி நான் அதற்கு முன்னும் ஊதியதில்லை, பின்னும் ஊதியதில்லை.

முடிந்ததும் திரும்பி, ‘மன்னிச்சுடுங்க’ என்றேன்— இல்லை, சொல்லவில்லை. வாயைத் திறப்பதற்குள், “மூணாவது வரியில சுருதி எறங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்.

அந்தத் தாளை அவர் பிடித்தது எனக்காகவா, பாட்டுக்காகவா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கத் துணிவில்லை.