அரை அடி உயரத்தில் ஒரு தலைமை நாற்காலி

ஒனிஹங்கா சமூக மண்டபத்தில், பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, தலைமை நாற்காலியில் இருந்த மணியம் நாற்காலியோடு ஒன்றரை அடி மேலே எழும்பினார். வெளியே லேசான தூறல். கூட்டக் குறிப்பில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன.

போர் முடிந்த தீவுக்கு எப்படிப்பட்ட ஆட்சி வேண்டும் என்று அங்குள்ள சீர்திருத்தக் குழு வெளிநாட்டிலும் யோசனை கேட்டிருந்தது. இரு இனத்தவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வாசிப்பார்களாம். அதனால் ஒனிஹங்காப் பக்கம் குடியேறியிருந்த ஆறு தமிழரும் ஆறு சிங்களவரும் மாதமொரு தடவை கூடினார்கள். மாதம் ஒருவர் தலைவர். யோசனையின் பிரிவுகளை அந்த மாதத் தலைவரே நாற்காலியில் இருந்து தன் கையால் எழுத வேண்டும். பன்னிருவரில் ஒருவரான காந்திமதிக்கு வேண்டியது காணிப் பிரிவு ஒன்றுதான். ஊரில் அவருடைய தமக்கையின் வீட்டு வளவு இன்னும் இராணுவத்தின் முள்வேலிக்குள் கிடக்க, தமக்கை முப்பது வருடமாக வாடகை வீட்டில் இருந்தார்.

காணி அதிகாரம் முழுவதும் தமிழ் மாகாண முதலமைச்சருக்கே என்று எழுதியபோதுதான் மணியம் எழும்பினார். கேட்டால் வாய்வு என்றார். மார்ச்சில், ஹென்டர்சனில் இருந்து வரும் சிங்களவரான ரத்னா, அதை ஜனாதிபதிக்கே என்று எழுதி, மின்விசிறி வரை போனார். காந்திமதி இருவரையும் நம்பவில்லை. மணியம் ஒருகாலத்தில் மெக்கானிக் என்பதால், ஏதும் பூட்டியிருக்கிறாரா என்று காந்திமதியே நாற்காலியின் அடியைத் தடவிப் பார்த்தார். மேலே போன ரத்னா சிரித்ததாக நாலு பேருக்குப் போன் எடுத்துச் சொன்னார். நமக்கும் அது அந்தப் போன் வழியாகத்தான் தெரியும்.

ஏப்ரல் காந்திமதியின் முறை. காணியை உரியவருக்கு ஓர் ஆணைக்குழு திருப்பிக் கொடுக்கும் என்று எழுதினார். நாற்காலி அசையவில்லை. ஆணைக்குழுவைத் தமிழர் மட்டுமே நியமிப்பர் என்று ஒரு வரி சேர்த்தார். தலை கூரையில் இடித்தது.

"இறங்குங்கோ அக்கா, தேத்தண்ணி ஆறுது," என்றார் மணியம், கொஞ்சம் திருப்தியாகவே.

"ரத்னாவின்ர ஆக்களை விட்டா திரும்பவும் காணியைப் பூட்டிப்போடுவினம்," என்றார் காந்திமதி.

"உங்கட ஆக்கள விட்டா?" என்றார் ரத்னா. "யாழ்ப்பாணத்தில எங்கட பெரியப்பாட பேக்கரிக் காணியும் இருக்கு. அத யார் தருவாங்க?"

காந்திமதி கூரையிலிருந்தபடியே தெருப் பெயர் கேட்டார். ரத்னா தெருவைச் சொன்னார், எதிரே இருந்த தையல்கடையையும், அதன் உடைந்த படியையும் சொன்னார். அந்தப் படியில் காந்திமதி விழுந்திருக்கிறார்.

வரியை அடித்தார். ஆணைக்குழுவில் இரு தரப்பும் சரிபாதி, ஒருவர் கணக்கை மற்றவர் எப்போதும் சோதிக்கலாம் என்று எழுதினார். நாற்காலி மெல்ல இறங்கி, தரைக்கு அரை அடி மேலே நின்றுவிட்டது. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். அதற்குக் கீழே வரவில்லை. நாற்காலியை அந்த உயரத்திலேயே விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள்.

காணிப் பிரிவைத் தீவுக்கு அனுப்பியாகிவிட்டது என்று தமக்கைக்குச் சொன்ன காந்திமதி, அது ஒரு சொல்லும் மாறாமல் போய்ச் சேர்ந்ததா என்று ரத்னாவிடம் இரண்டு தடவை கேட்டார். ரத்னாவும் அதையே மணியத்திடம் கேட்டிருந்தார். தலைவராக வருபவர்கள் இப்போதும் அரை அடி உயரத்தில்தான் இருக்கிறார்கள். காலுக்கு ஒரு சிறு பலகை போட்டிருக்கிறார்கள்.